பொத்தான் துளையில் ஒரு தையல்

இவருடைய சட்டைகளை நான் கையால்தான் துவைப்பேன். மெஷினில் போட்டால் காலர் சுருண்டுவிடும். சட்டை விஷயத்தில் எனக்கு அக்கறையில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.

நீங்கள் கைப்பயிற்சி கொடுப்பதில் கெட்டிக்காரி. பார்க்கின்சன் வந்து நடுங்கும் கைகள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். இவரையும் நாணயம் பொறுக்க, பயிற்சிக் களிமண் பிசைய, பலகையில் தைத்த பொத்தான்களைப் போடப் பழக்கினீர்கள். உங்கள் பலகையில் மடமடவென்று போடுகிறவர் வீட்டுச் சட்டையில் ஏன் திணறுகிறார் என்று மண்டையைக் குடைந்துகொண்டீர்கள். இன்று வீட்டுக்கே வந்து, இவருடைய பழைய சட்டையை மடியில் விரித்து வைத்திருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் பேசியது "சாவி எங்க?", "கண்ணாடி எங்க?" அவ்வளவுதான். கதையெல்லாம் பூங்காவில், சீட்டாடும் சிநேகிதர்களோடு. கை நடுங்க ஆரம்பித்து அங்கே போவது நின்றதும், பொத்தான் போடுவது என் வேலையாயிற்று. மூக்கோடு மூக்கு நின்றால் மனிதர் எங்கேதான் பார்ப்பார்? பேச ஆரம்பித்தார்.

"அந்தச் சோடாபுட்டி இருக்கானே, சீட்ட சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தான்."

"ஐயய்யே, நாறாதா?"

"நாறித்தானே மாட்டினான்."

காலரில் ஆரம்பித்தால் வயிற்றுக்கு வருவதற்குள் ஒரு கதை முடியும். நான் மெதுவாகத்தான் போடுவேன்.

"நீங்களா சட்டை போட்டுட்டா, தனியாவே பூங்காவுக்குப் போகலாம் சார்" என்றீர்கள் நீங்கள்.

"கேட்டியா? உனக்குச் சீக்கிரம் விடுதலை" என்றார் இவர்.

விடுதலை வேண்டுமென்று நான் யாரிடம் கேட்டேன்?

சட்டையின் பொத்தான் துளை ஓரத்தில் ஒரு தையல் போட்டேன். துணியின் நிறத்திலேயே நூல். கை தேறத் தேற, இன்னொரு தையல். களிமண்ணைத் தூசி படாமல் ஃப்ரிட்ஜில் வைத்தேன். குளிரில் அது கல்லாக இறுகுமென்றால், அது அதன் குணம்.

ஒரு காலை, சட்டையோடு மல்லுக்கட்டிவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

"என் கை செத்துப்போச்சு. இனிமே பயிற்சியே வேணாம்னு சொல்லிடு."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் தன் அம்மா செத்த கதையை முதல்முதலாகச் சொன்னார். என்ன அழகாகச் சொன்னார் தெரியுமா.

கெடுத்தது என் மகள். அவள் வாங்கிவந்த புதுச் சட்டையை, இன்று காலை நான் கை வைப்பதற்குள் இவர் எடுத்து மாட்டிக்கொண்டார். கீழிருந்து கழுத்துவரை, தானாகவே. "ஏய், கை பொழைச்சிடுச்சு" என்று கத்திவிட்டு உங்களுக்குப் போன் போட்டார். பிறகு பூங்காவுக்குப் போனவர்தான், இன்னும் வரவில்லை.

ஆமாம், தைத்தது நான்தான். ஒவ்வொன்றையும் நான்தான். இவர் பேச ஆளில்லாமல் வாடிவிடக் கூடாதே என்று, முழுக்க இவருக்காக.

திரும்பி வந்ததும் அந்தப் புதுச் சட்டையை என்னிடம் கழற்றித் தரச் சொல்லுங்கள், நான் கையால் துவைத்து வைக்கிறேன். துளைகள் வேறு ரொம்பத் தளர்வாக இருக்கின்றன. நெஞ்சில் காற்றுப் புகுந்துவிடும்.