பேனா யார் பேர்ல இருக்கு

நான் அழுத்த மாட்டேம்மா. நீ எத்தனை தடவை சொன்னாலும் இதை நான் அழுத்த மாட்டேன். இந்தா, போனை நீயே பாரு. காலையில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன், டிங்குன்னு வருது. உங்கள் பேனாவைப் பழுது பார்க்கச் சம்மதம் என்றால் இங்கே அழுத்தவும். எனக்கு எதுக்கும்மா இது வருது? இது என் பையன் நம்பருக்குப் போக வேண்டியது. இதுக்கு முன்னாடி மூணு தடவையும் அவனுக்குத்தானே போச்சு? பேனா அவன் பேர்லதானே இருக்கு? பழையபடி அவன் நம்பரைப் போட்டு அவனுக்கே அனுப்பிடு. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி உங்க பேனாக் கம்பெனிக் கடைக்கு வந்திருக்கேன். வேற ஒண்ணும் வேணாம்.

என்னது, ஒரு செகண்டு வேலையா? ஒரு செகண்டு வேலைன்னு தெரிஞ்சுதாம்மா பயமா இருக்கு. கை தவறிப் பட்டுடப் போகுதுன்னு போனைக் கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்திருக்கேன்.

இல்லம்மா, அந்த சோஃபா வேணாம். அதுல உக்காந்தா என்னைத் தூக்கி விட ஆள் வேணும். இந்த ஸ்டூல் போதும். நீன்னு பேசறேன்னு தப்பா நினைச்சுக்காத, என் பொண்ணைவிடச் சின்னவளா இருக்கே.

நீ புதுசு, உனக்குத் தெரியாது. போன தடவை வரைக்கும் இந்த மேஜையில கண்ணாடி போட்ட பொண்ணு ஒருத்தி இருந்தா. வேற கிளைக்கு மாத்திட்டாங்களா? அதான் பார்த்தேன். சரி, ஆரம்பத்துல இருந்து சொல்றேன், கேட்டுக்கோ.

இந்தப் பேனா என் பையன் அவங்கப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது. அவரு வேலையை விட்டு ஓய்வு பெத்த அன்னைக்கு. அவருக்கு அச்சாபீஸ்ல பிழை திருத்துற வேலை. புஸ்தகம் அச்சாகறதுக்கு முன்னாடி தப்பு எங்க இருக்குன்னு பார்த்து வட்டம் போடுவாரு. நாப்பது வருஷமா அதே வேலை. கண்ணு போச்சு, முதுகு போச்சு, அந்தப் பழக்கம் மட்டும் போகல. டாக்டர் எழுதின சீட்டுல வட்டம் போடுவாரு. அடுத்தவங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில வட்டம் போடுவாரு. அப்படிப்பட்ட மனுஷனுக்கு, சாகுற வரைக்கும் எழுதற மாதிரி ஒரு பேனா குடுக்கணும்னு பையன் சம்பளத்தைச் சேர்த்து வெச்சு வாங்கினான். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுத்திருச்சு. அந்தக் காசுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தா, கெட்டுப்போனா ஆளாவது வீட்டுக்கு வருவான்.

ஆமா, நல்லாத்தான் எழுதுச்சு. இல்லைன்னு சொல்லலையே. அப்புறம் ஒரு நாள் கழுத்துல இருந்து மை கசிய ஆரம்பிச்சுது. பெருவிரல் நீலம், சட்டைப் பை நீலம், தலையணை உறை நீலம். தெருமுனையில பேனாக் கடைக்காரர்கிட்ட காட்டினா, அக்கா, நான் கை வெச்சா கம்பெனி உத்தரவாதம் போயிடும்னு, நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்துக்கிட்டார். சரின்னு இங்க வந்தேன். இங்க என்னடான்னா, கண்ணாடி அலமாரி இருக்கு, வெளக்கு இருக்கு, வாசனை அடிக்குது, குளிருக்குப் பல்லு கிட்டுது. ரிப்பேர் பண்ற ஆள் மட்டும் இல்ல. அது கடல் தாண்டி ஃபேக்டரிக்குப் போகணுமாம். போறதுக்கு முன்னாடி வாங்கினவர் சம்மதம் வேணுமாம். எங்க வீட்டுக்காரருக்கு வந்துச்சே கோவம். எழுதறவன் நான், ஒழுகறது என் சட்டையில, சம்மதம் அவன் சொல்லணுமான்னு குதிச்சாரு.

அப்புறம் எங்க போச்சு பேனா? யாருக்குத் தெரியும்? உங்க நம்பருக்குப் போன் போட்டா ஒண்ணை அழுத்து, மூணை அழுத்துன்னு ஒரு குரல், அதுக்கப்புறம் ஒரே பாட்டு. ஒரு கூடை வெங்காயம் உரிச்சு முடிச்சேம்மா, பாட்டு முடியல. அழுதது வெங்காயத்துக்கா உங்க கம்பெனிக்கான்னு எனக்கே தெரியல.

ஒரு வழியா வந்துச்சு. வெல்வெட் பை என்ன, அதுக்கு ரிப்பன் என்ன, வல்லுநரால் பரிசோதிக்கப்பட்டதுன்னு சீட்டு என்ன. மை ஊத்தி ரெண்டு வரி எழுதறதுக்குள்ள பொலபொலன்னு ஒழுகிருச்சு. மறுபடி குடுத்தோம். இந்தத் தடவை மூடி மாறி வந்துச்சு. யாரோட மூடியோ. திருகினா ஆடுது. ஒழுகறதும் நிக்கல. கூடவே வருத்தம் தெரிவிச்சு ஒரு கடுதாசி, ஒரு மை பாட்டில் இனாம். அந்தக் கடுதாசியில மூணு இடத்துல வட்டம் போட்டு, இதைத் திருப்பிக் குடுத்துட்டு வான்னு எங்கிட்ட நீட்டினாரு. நான் குடுப்பேனா? பருப்பு டப்பாவுக்கு அடியில போட்டு வெச்சிருக்கேன். சிரிக்காதம்மா. நீ சிரிக்கற, நான் அங்கயும் இங்கயும் அலைஞ்சு முட்டி தேஞ்சு நிக்கறேன்.

மூணாவது தடவை குடுக்க வந்தப்பதான் நான் வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். கண்ணாடிப் பொண்ணுகிட்ட, எல்லாத்துக்கும் அவனைத்தான் கேக்கணுமா, அவன் வெளியூர்ல வேலையா இருப்பான், அவனுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு பொலம்பினேன். ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. பொலம்பறது எல்லாம் செய்யறதுக்கா? அவ பாவம் நல்ல பொண்ணு. மாத்தலாகிப் போறதுக்கு முன்னாடி, இந்த அம்மா கஷ்டப்படுறாங்களேன்னு கம்ப்யூட்டர்ல என் நம்பரைப் போட்டுட்டுப் போயிட்டா. கேட்ட எதையும் செய்யாத கம்பெனி, கேக்காத ஒண்ணைச் செஞ்சிருக்கு பாரு! அதுவும் ஒரே தடவையில, ஒரு தப்பும் இல்லாம!

இல்லம்மா, உன் மேல கோவம் இல்ல. குரல் ஒசந்துருச்சா? மன்னிச்சுக்கோ. தண்ணி குடு, குடிக்கறேன்.

ம். சொல்லு. ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேக்கற. நியாயம்தான். பேனா ஒழுகுது, ரிப்பேர் பண்ணணும், நான் அழுத்தினா இன்னைக்கே பார்சல் போயிடும். எல்லாம் புரியுது. ஆனா நான் ஒரு தடவை அழுத்திட்டா அப்புறம் எல்லாத்துக்கும் எங்கிட்டதானே வரும்? அவன் போனுக்கு ஒண்ணும் போகாதுல்ல? அதான்.

அவனுக்கு நானே போன் பண்ணிச் சொல்லலாமேவா?

போட்டா எடுக்க மாட்டாம்மா.

இல்ல, வேலைன்னு இல்ல. எடுக்கறதில்ல. என் நம்பர்ல இருந்து போனா மணியே அடிக்காதாம், அப்படி ஏதோ பண்ணி வெச்சிருக்கான்னு பொண்ணு சொன்னா. அவ நம்பருக்கும் அப்படித்தான். அவளுக்கு ரோஷம், விடும்மா, அவனா வரட்டும்ங்கறா. அக்காக்காரி அப்படிச் சொல்லலாம். நான் சொல்ல முடியுமா?

அவங்கப்பாவுக்கும் அவனுக்கும்தான் சண்டை. சண்டைன்னா கைகலப்பு இல்லம்மா. நல்ல வேலை, அதை விட்டுட்டுக் கூட்டாளிங்களோட சேர்ந்து ஏதோ சொந்தமாப் பண்றேன்னு கிளம்பினான். இவரு சொல்லக் கூடாததைச் சொல்லிட்டாரு. அவனும் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் ஒரு நாள் தபால்ல கடுதாசி வந்துச்சு. கையால எழுதி, நாலு பக்கம். அப்பாவுக்குத் தாள்ல படிச்சாத்தான் மனசுல ஏறும்னு அவனுக்குத் தெரியும். இவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, இந்தப் பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தாரு. பதில் எழுதறாருன்னு நினைச்சு எனக்குத் தலைகால் புரியல. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு அடுப்படியில பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாம வெச்சேன். அவரே உறையில போட்டு, ஒட்டி, தபால்ல சேர்த்துட்டு வந்தாரு.

என்ன எழுதினீங்கன்னு கேட்டேன். எழுதலை, திருத்தி அனுப்பியிருக்கேன்னாரு.

ஆமாம்மா. பெத்த புள்ளை மனசு விட்டு எழுதின கடுதாசியில வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு. கெட்ட எண்ணத்துல செய்யலம்மா, சத்தியமாச் சொல்றேன். தப்பு கண்ணுல பட்டா அந்தக் கை நிக்காது, அவ்வளவுதான். நான் அழுததைப் பார்த்தப்புறம்தான் அவருக்கே உறைச்சுது. அதுக்கப்புறம் எந்தக் கடுதாசியும் இல்ல. போனும் இல்ல. இருக்கானா, சாப்பிட்டானா, ஒண்ணும் தெரியாது.

அந்த நேரத்துலதான் பேனா ஒழுகுச்சு. இங்க வந்தேன். வாங்கினவர் சம்மதம் வேணும்னாங்க. வராதுன்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு கண்ணாடிப் பொண்ணு கூப்பிட்டு, உங்க பையன் சம்மதம்னு அழுத்திட்டார்ம்மா, பேனாவை அனுப்பிட்டோம்னா. இருக்கான். போனைப் பார்க்கறான். அப்பா பேனான்னா பதில் சொல்றான்.

ரெண்டாவது தடவையும் அழுத்தினான். மூணாவது தடவை உங்க ஆளுங்க, நிப்பையும் சேர்த்து மாத்திடலாமான்னு கேட்டு அனுப்பியிருக்காங்க. அதுக்குக் கீழ எழுதறதுக்கு ஒரு கட்டம் இருக்குமாமே, அதுல எழுதியிருந்தான். நிப்பை மாத்த வேண்டாம், அது அப்பா கைக்குத் தேஞ்சது, ஒழுகறதை மட்டும் சரி பண்ணுங்க. அந்தப் பொண்ணை நாலு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வந்தேன்.

வீட்டுல சொன்னேன். அவரு, எப்படி எழுதியிருந்தான், வார்த்தை மாறாமச் சொல்லுன்னாரு. சொன்னேன். சரியாத்தான் எழுதியிருக்கான்னாரு. எழுந்து போய் மூஞ்சி கழுவிக்கிட்டு வந்தாரு.

அப்புறம் பேனா வந்துச்சு. என்ன ஆச்சுன்னா, உங்க கம்பெனி அந்தத் தடவை நிஜமாவே சரி பண்ணிடுச்சும்மா. ஒரு சொட்டு ஒழுகலை. வழுவழுன்னு எழுதுது. அவரு தினம் திறந்து துணியால துடைச்சுப் பார்ப்பாரு, துணி வெள்ளையாவே இருக்கும், மூடி வெச்சுடுவாரு. நான் காலையில கண்ணை மூடி வேண்டறப்ப பொண்ணுக்கு, மாப்பிள்ளைக்கு, பேரனுக்கு, அவனுக்கு, இவருக்குன்னு எல்லாருக்கும் கேட்டுட்டு, கடைசியா, கேக்கவே கூச்சமாத்தான் இருக்கும், கடவுளே, அந்தப் பேனா கொஞ்சம் ஒழுகட்டுமேன்னு கேப்பேன். உங்க கம்பெனியை நம்பித்தான் கேட்டேன். வீண் போகல. போன வாரம் சட்டைப் பை பூரா நீலம். இந்தச் சட்டை போனா போகட்டும், முதல்ல கொண்டு போய்க் குடுன்னு அவரே எடுத்துக் குடுத்தாரு. அன்னைக்கு இந்த மேஜையில யாரும் இல்ல, வாசல்ல இருந்த காவல்காரர்தான் வாங்கி வெச்சுக்கிட்டார்.

காலையில இந்த டிங் சத்தம் கேட்டு, யாருன்னு கேட்டாரு. விளம்பரம்னு சொல்லிட்டு ஓடி வந்தேன். வேற என்ன சொல்ல?

அழாதம்மா. நீ எதுக்கு அழற? நானே அழலை.

மேனேஜரைக் கேக்கணுமா? கேளு, கேளு. நான் இருக்கேன்.

சரின்னுட்டாரா? நல்லா இருக்கணும். இந்தா, நம்பர் சொல்றேன், எழுதிக்கோ. எழுதி வெச்சதெல்லாம் இல்ல, மனப்பாடம். சரியா இருக்கான்னு திருப்பிச் சொல்லு. ஆங், அதேதான். போயிருச்சா? அவன் போன்ல இப்பவே அடிச்சிருக்குமா?

பேனாவா? அது மெதுவா வரட்டும்மா. அவசரமே இல்ல. அவன் அழுத்தினா மட்டும் எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடு. அப்புறம் அந்தக் கட்டம் இருக்குல்ல, அவன் எழுதினானே, அதுல எவ்வளவு எழுதலாம்? நாலு பக்கம் பிடிக்குமா?