ஏழாவது கம்பிக்கு கிரீஸ்

ஹலோ... ஹலோ, பெங்களூர் கிட்டார் ரிப்பேர் சிரிலண்ணாவா? ... ஆங், நான் ஜெயகரன். கே.ஜி.எஃப். ஜெயகரன்... அதான்ணா, மூணு மாசம் முன்னாடி உங்ககிட்டேர்ந்து ஏழு கம்பி கிட்டார் வாங்கினு போனேனே... ஆமா, ஆமா, மீசை வச்சவன். ... சரி, எந்த மீசைன்னு அப்பால யோசிங்க, இப்ப அவசரம்.

ராபர்ட்சன்பேட்டை எஸ்.டி.டி. பூத்துல நிக்கறேன். கிட்டாரும் உள்ளதான் கீது. எங்க பாட்டுக்காரி சில்வியாவும் உள்ள கீறா. கதவுதான் சாத்த முடியல... கேளுங்கண்ணா. ஆறு மணிக்கு கோரமண்டல் ஹால்ல ரெண்டாயிரமாவது வருஷத்த வரவேற்கற விழா. நம்ம கச்சேரி. மணி இப்பவே மூணு. ஏழாவது கம்பி நிக்க மாட்டேங்குது!

... இல்ல, இல்ல, மத்த ஆறும் நல்ல புள்ளைங்க. இந்தத் தடிக் கம்பி மட்டும்தான். அடிச்சா மேல ஏறுது, அப்பால வழுக்கினு கீழ வருது. சில்வியா ஒரு சுருதி, அது ஒரு சுருதி. இன்னிக்கும் வழுக்கிச்சுன்னா அந்த ஆறு கம்பிக்காரன் விநாயக் குரூப்புல போய்ப் பாடறேன்னுட்டா... எல்லார் எதிர்லயும் சொன்னாண்ணா. ... வேற பாட்டுக்காரி ஏது? ... நானா? நான் பாடினா ஹால்காரன் லைட்டை அணைச்சுடுவான்.

... அந்தக் கம்பிய உட்டுட்டு வாசிக்கறதா? அதெப்பிடி! நோட்டீஸ்ல போட்டாச்சே, 'தங்கவயலின் ஒரே ஏழு கம்பி கிட்டார் சக்கரவர்த்தி'ன்னு... ஜனங்க குடுத்த பட்டம்ணா. ... எந்த ஜனங்கன்னா... நோட்டீஸ் எழுதறப்ப நான்தான் அங்க இருந்தேன்.

... எப்பிடி சுருதி சேக்கறேனா? முறைப்படிதான். நான் யாரு? இருபத்திரெண்டு வருஷமா சுரங்கத்து சாஃப்ட்ல, ஆளுங்கள ஏத்தினு கேஜ் எறங்குற இரும்புக் கயிறைப் பாத்துக்கறவன். புதுக் கயிறு போட்டா, ஆளை ஏத்தறதுக்கு முந்தி கேஜ்ல கல்லை ரொப்பி, தாங்குதான்னு பாப்போம். அதே மாதிரி கம்பிய ரெண்டு சுருதி மேல ஏத்தி, நாலு போடு போட்டுப் பாத்துட்டு, அப்பால தளர்த்தி எறக்கி நிறுத்துவேன். ... இன்னாண்ணா, இருமறீங்களா?

... ஓ. ... ஓ. எறக்கி நிறுத்தினா கம்பி முறுக்கற கீயில தளர்வு தங்கிடும். கீழேர்ந்து ஏத்திதான் நிறுத்தணும். ... ஆமா. ஆமா. தெரியும்ணா... சரி, தெரியாது. ஸ்வல்ப இருங்க, இப்பவே பண்றேன். சில்வியா, ரிசீவரப் புடி... காதுல வச்சுக்காத, கம்பிகிட்ட காட்டு!

கேட்டுச்சாண்ணா? ... மெதுவாத்தான் அடிச்சேன். ... சரி, பூத்துக்காரர் எழுந்து நின்னுட்டாரு, கொஞ்சம் பலம்தான். ... பலமா அடிச்சா சுருதி மேல ஏறிட்டுத்தான் எறங்குமா? இதை வாங்கறப்பவே சொல்லக்கூடாதா? ... ரெண்டு தடவ சொன்னீங்களா? சரி, உடுங்க.

இன்னா? ஈரத் துணிய அடிச்ச மாதிரி கேக்குதா? லைன் அப்பிடிண்ணா... ஒரு நிமிஷம். இன்னா சில்வியா, இன்னாத்துக்குக் கத்தற? ... கை கறுப்பானா தொடச்சுக்க! ... ஐயே, துப்பட்டாவுலயா தொடைப்ப? ... ஒண்ணுமில்லண்ணா. கிரீஸ்.

... கிரீஸ்தான். இரும்புக் கயிறைக் கிரீஸ் இல்லாம உடலாமா? இந்தத் தடிக் கம்பிக்கு மட்டும் வாரா வாரம் போடறேன். எங்க சாஃப்ட் கிரீஸ்ணா, கம்பி மேல சுத்தின இடுக்கு பூரா எறங்கும், துரு கிட்டயே வராது... ஹலோ? சிரிலண்ணா? யாருண்ணா அங்க அழறது? ... நீங்கதானா? சிரிப்பா?

... ம். ... ம். இடுக்குல கிரீஸ் அடைச்சா ஒரு எடம் கனம், ஒரு எடம் லேசு. கம்பி ஒழுங்கா ஆடாது. ... தொடச்சாலும் உள்ள போனது வராது. புதுக் கம்பிதான் வழி. கீதுண்ணா! நீங்க குடுத்த எக்ஸ்ட்ரா கம்பி மூணும் பெட்டிலயே கீது! ... ஆமா, ஆமா, பத்திரமா... பத்திரமான்னா... அதுங்களுக்கும் போட்டுத்தான் வச்சேன்.

... இங்க எங்கண்ணா கெடைக்கும்? ரயில் புடிச்சு பெங்களூர் வந்து திரும்பறதுக்குள்ள இவ விநாயக் வீட்டு வாசல்ல நிப்பா... சும்மா இரு சில்வியா, பெரியவங்க பேசிகினு கீறோம். ... ஆறு கம்பிலயே வாசிச்சா இன்னாவாம், கேக்கறா. ... நீங்களும் அதையே சொன்னா எப்பிடிண்ணா? அப்பால எனக்கும் விநாயக்குக்கும் இன்னா வித்தியாசம்? ... அவன் சுருதியோட வாசிப்பானா? இதை நீங்க சொல்லணுமா?

... ம். ... சரி. சரிண்ணா, ஆறுலயே வாசிக்கறேன். கேட்டுச்சா சில்வியா? ... தலையாட்டிட்டா! வரேன்னுட்டா!

... சேச்சே, கழட்ட மாட்டேன். அது அங்கேயே நிக்கட்டும். கை படாது, சத்தியமா. ... எதுக்கா? மொத வரிசைல உக்காந்து கம்பி ஏழு கீதான்னு எண்ணுவாங்கண்ணா. எண்ணிட்டுத்தான் கையே தட்டுவாங்க. எத்தனைல வாசிச்சேன்னு எவன் எண்ணப்போறான்... ஹலோ? சிரிலண்ணா? ... ஹலோ?

வச்சுட்டாரு. சிரிக்காத சில்வியா, கிட்டாரத் தூக்கு... ஐயே, ஏழாவதைத் தொடாத!