கனெக்‌ஷன் வர்ற வரைக்கும்

சுஃபியா: தள்ளி உக்காருங்க மச்சான், ஸ்கிரீனை மறைக்கிறீங்க.

நஜீம்: டீ ஆறுதுல்ல...

சுஃபியா: ஆறட்டும். பன்னண்டு மணிக்கு டெமோ, ஆப்பை ஓட்டிக் காட்டணும். அதுக்குள்ள இந்தக் கோளாறு தீரணும்.

நஜீம்: பன்னண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலருந்தும்...

சுஃபியா: ஷ்ஷ்! பேசி வச்சோம்ல? ட்ரீட்மெண்ட் பலிச்சிருக்கா, புள்ள தங்கியிருக்கான்னு ரத்த டெஸ்ட் பாத்துட்டு அவங்களே கூப்புடுவாங்க. நாமளா போன் போடக் கூடாது.

நஜீம்: யாரு போட்டா? நான் ஒண்ணும் போடல.

சுஃபியா: சரி சரி. கடை?

நஜீம்: கடைப் பையன் அனீஸைத் திறக்கச் சொல்லிட்டேன். வளையல் வாங்க வாரவங்களை அவன் பாத்துக்குவான். நீ கோளாறைச் சொல்லு, எனக்கும் ஏறுதான்னு பாப்போம்.

சுஃபியா: பரவை மார்க்கெட்டுக்கு வர்ற காய்கறி வண்டிக்கான ஆப் இது. டைப்ஸ்கிரிப்ட்ங்கிற கம்ப்யூட்டர் பாஷைல எழுதுனது. கணக்கெல்லாம் கிடக்குற டேட்டாபேஸுக்கு கனெக்‌ஷன் இதுல மொத்தமா ஒண்ணுதான் இருக்கணும். சிங்கிள்டன்னு சொல்லுவோம். ஆப்புல இருக்குற ஒவ்வொரு பகுதியும் அதையேதான் எடுத்துக்கணும்.

நஜீம்: கந்தூரி அண்டா மாதிரி.

சுஃபியா: ஆமாமா, சோத்துலயே இருங்க! கனெக்‌ஷன் கேட்டதும் வந்துராது, நேரமெடுக்கும். வண்டிக் கணக்குப் பகுதி முதல்ல கேக்குது. அது வர்றதுக்குள்ள எடைப் பகுதி எட்டிப் பாக்குது... “இன்னும் காணோமே”ன்னு அதுவும் தனியா ஒண்ணு கேட்டுருது.

நஜீம்: ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறதில்லையா?

சுஃபியா: இல்லையே. அதான் ரெண்டாயிருது.

நஜீம்: பாவம்... ரெண்டும் மனசு கேக்காமத்தான கேக்குது.

சுஃபியா: அதுக்கு மனசு வேறயா! கேளுங்க. கனெக்‌ஷன் வந்தப்புறம் எடுத்து வச்சுக்கலாம்னு இருக்கக் கூடாது. முதல் ஆளு கேட்டப்பவே “வந்துக்கிட்டிருக்கு”ன்னு ஒரு டோக்கன் வச்சிரணும். ப்ராமிஸ்னு பேரு. அடுத்து வாரது அந்த டோக்கனையே பிடிச்சுக்கிட்டு சேந்து காத்திருக்கும்.

நஜீம்: சரி... வரலேன்னா?

சுஃபியா: என்னது?

நஜீம்: அம்புட்டு நேரம் காத்திருந்து, கிடைக்காமப் போச்சுன்னா?

சுஃபியா: அந்த டோக்கனைத் தூக்கிப் போட்டுரணும். அதையே வச்சிருந்தா எப்பக் கேட்டாலும் இல்லன்னுதான் வரும். தூக்கிப் போட்டாத்தான் மறுபடி முதல்லருந்து கேக்கலாம்.

நஜீம்: கேக்கலாமா?

சுஃபியா: கேக்கலாம் மச்சான். ...ஏ, இங்க பாருங்க, ஓடிருச்சு! ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு!

நஜீம்: மாஷா அல்லாஹ்...

சுஃபியா: குரல் ஏன் கம்முது?

நஜீம்: சளி.

சுஃபியா: பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அம்புட்டு நேரம் நின்னீங்களே, அதுவும் சளியா?

நஜீம்: நீ மட்டும்? துணி காயப் போடப் போறேன்னு மாடிக்குப் போன. வாளில துணி பிழிஞ்சது பிழிஞ்சபடி கிடக்கு.

சுஃபியா: ஆறுனாலும் பரவால்ல, அந்த டீயைக் குடுங்க.

நஜீம்: சுஃபி... டெமோ முடியட்டும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன், முடியல. காலைலயே போன் போட்டுட்டேன். இந்தத் தடவையும்... இல்லையாம்.

சுஃபியா: தெரியும். மாடில நின்னு நானும் போட்டேன். “இப்பத்தானம்மா உங்க வீட்டுக்காரரு கேட்டாரு”ன்னாங்க அந்த சிஸ்டர். நீங்களாச் சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்... ஒரே சேதிக்கு நீங்க கீழ, நான் மேலன்னு தனித்தனியா அழுதிருக்கோம். அடுத்த தடவை ஸ்பீக்கர்ல போடுங்க மச்சான், சேந்தே கேப்போம்.