‘யா ஸாத்திர்’ சொல்லாமல் எந்த ரவுட்டரையும் தொடாத இன்ஷிராஹ் அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் ஷேக் அவர்களே, அம்மையாரின் தம்பி ஸாபிர் அவர்களே, நம் இணையச் சேவை நிறுவனத்தின் பொது இயக்குநர் ஷவ்கத் அவர்களே! துக்க வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபியை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருக்கும் அலெக்சாந்திரியா பெருமக்களே! மொன்றியாலிலிருந்து வீடியோவில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மையாரின் மகன் ஷிஹாப்! உங்கள் எல்லாருக்கும் என் ஸலாம்.

அம்மையார் மறைந்த இந்த நாற்பதாம் நாள் கூட்டத்தில் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள்? அறிவாளி என்றா? இந்த வக்தீயின் வாயை மூடுவதைவிட அவன் கையில் மைக்கைக் கொடுப்பது சுலபம் என்று ஸாபிருக்குத் தெரியும். ஆனால் இன்று நான் சிரிக்க வைக்க வரவில்லை. வயிறு எரிகிறது, பெரியோர்களே! அதனால் வந்தேன்.

இன்ஷிராஹ் அம்மையார் யார்? உங்கள் வீட்டு ரவுட்டரை எங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே அணைக்கலாம், எழுப்பலாம், அதன் அமைப்பை மாற்றலாம். எத்தனை பேர் அதில் தொற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுகூடப் பார்க்கலாம். அந்தப் பிரிவின் தலைவி அவர். நகரத்தில் பாதி வீடுகளின் சாவி அவர் மேசையில் இருந்தது. அந்தச் சாவியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார்? கதவைத் தட்டினார்!

அடுத்தவர் வீட்டுப் படியேறும் ஆண்பிள்ளை ‘யா ஸாத்திர்’, மறைத்துக் காப்பவனே என்று குரல் கொடுக்கிறானே, உள்ளே பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்ளட்டும் என்று? “கம்பி வழியாப் போனா மட்டும் அது வீடு இல்லையா வக்தீ?” என்பார். ஆகவே ஒரு சட்டம் போட்டார். எந்த ரவுட்டரைத் தொடுவதானாலும் முதலில் அந்த வீட்டுக்கு போன். வீட்டுக்காரர் சரி என்றால்தான் கை வைக்கலாம்.

ஒருநாள் அன்ஃபூஷியில் ஒரு ஹாஜியம்மாவுக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

“ஹாஜியம்மா, உங்க நெட் பெட்டியில ஒரு சின்ன வேலை. இப்ப உள்ள வரலாமா?”

“இரும்மா, தலையில துணியப் போட்டுக்கிறேன்.”

“இங்கேருந்து எனக்கு எதுவும் தெரியாதுங்க.”

“அது உனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?”

நான் சிரித்தேன். அம்மையார் சிரிக்கவில்லை. ஹாஜியம்மா துணி போட்டுக்கொள்ளும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கர்மூஸில் ஒரு முடிதிருத்துபவர் சொன்னார்: “மேட்ச் ஓடுது மேடம். இப்ப பெட்டிய அணைச்சீங்கன்னா, பாதி ஷேவிங்ல இருக்கிறவங்க கழுத்துக்கு நான் பொறுப்பில்ல!” மேட்ச் முடியும்வரை அந்தத் தெருவின் வேலையையே தள்ளிவைத்தார்!

இயக்குநருக்குப் பொறுக்குமா? “இப்படி எத்தனை வீட்டுக்கு போன் போடுவீங்க?” என்று கத்தினார். கோபிக்காதீர்கள் ஷவ்கத் அவர்களே, கத்தினீர்கள், மாடிவரை கேட்டது. அம்மையார் என்ன சொன்னார்? “எத்தனை வீட்டுக்குள்ள போறோமோ, அத்தனை வீட்டுக்கு.”

அவர் படுக்கையில் விழுந்ததும் அலுவலகத்தில் புதுத் திட்டம் வந்தது. போனும் கிடையாது, கேள்வியும் கிடையாது. கணினி தானே வீடு வீடாகப் புகுந்து ரவுட்டரைப் புதுப்பித்து, அணைத்து எழுப்பும். பகலில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்களாம், அதனால் பகலிலேயே! அம்மையார் குடியிருந்த பாகோஸ் பகுதியில் சோதனை ஓட்டம்.

அந்தப் பகலில்தான் அவருடைய ஜனாஸா வீட்டிலிருந்து அடக்கத்துக்குப் புறப்பட்டது.

ஷிஹாபுக்கு விமானம் கிடைக்கவில்லை. தாயைக் கடைசியாக வீடியோவில் பார்க்கவேண்டும். குள்ளனான நான் தோள்கொடுத்தால் ஜனாஸா என் பக்கம் சாய்ந்துவிடும் என்று, என்னை விலக்கி நிறுத்திச் செல்பேசியைப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தச் செல்பேசியில் வீட்டு வைஃபையை விட்டால் வேறு நெட் கிடையாது. கலிமா சொல்லித் தூக்கினார்கள். “மாமா, கொஞ்சம் கிட்ட காட்டுங்க” என்றான் பிள்ளை. காட்டினேன். ரவுட்டரின் விளக்குகள் அணைந்தன. திரை கறுத்தது.

மறுபடி விளக்கு எரிந்தபோது ஜனாஸா தெருமுனையைத் தாண்டியிருந்தது. “மாமா, அம்மா எங்க?” என்றான். நான் என்ன சொல்வேன்? காலி அறையையா காட்டுவேன்?

அலுவலகத்துக்கு போன் போட்டேன். “யாருடா இப்ப இந்த வீட்டைத் தொட்டது?”

“யாரும் தொடல சார். சிஸ்டம் தானாப் பண்ணுது.”

யாரும் தொடவில்லையாம்! திருடன்கூடத் தொட்டால் தொட்டேன் என்பான்! வாழ்நாளெல்லாம் ஊரின் கதவுகளைத் தட்டிய பெண்ணின் வீட்டுக்குள், அவரைத் தூக்கிய நேரத்தில், ஒரு குரல்கூடக் கொடுக்காமல் புகுந்தீர்களே! கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அரை மணி பொறுங்கள் என்றிருப்போம். அவ்வளவுதானே!

வருகிற ஞாயிறு அந்தத் திட்டம் நகரம் முழுக்க வரப்போகிறது. அதற்கு ஒப்புதல் தரவேண்டியவர் பிரிவின் தலைவர். அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது யார்? கால் தரையில் எட்டாத இந்த வக்தீ!

ஷவ்கத் அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். ஒப்புதல் தரமாட்டேன். வேறு ஆளைப் போடுவீர்கள், தெரியும். என் பிரிவுப் பிள்ளைகள் பின்வரிசையில் இருக்கிறார்கள். “கேக்காம எந்த வீட்டுக்குள்ளயும் போகமாட்டோம் சார்” என்று காலையில்தான் என்னிடம் சொன்னார்கள். அவர்களைத் தாண்டி எந்த ஆளைத் தேடுவீர்கள்? குனிந்து காபியைப் பார்க்காதீர்கள், அது கசக்கத்தான் செய்யும்.

ஷிஹாப், நீ இழந்த அந்தக் காட்சியை உனக்குத் திருப்பித் தர எங்களிடம் எந்தக் கருவியும் இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். இந்த ஊரில் ஒரு வீட்டிலிருந்து யார் புறப்பட்டாலும், தூர தேசத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணை எங்கள் கை மூடாது.