மாலினி என்று சொன்னேன்

"படு! படு! படு!"

அம்மாவின் குரல். படுக்கிறேன். வாயில் மணல். தூரத்தில் ஒரு குத்துச் சத்தம். பீரங்கிச் செல் புறப்படுகிற சத்தம் அது. அது விழும் முன் பதினொன்று வரை எண்ணலாம். எண்ணுகிறேன். எட்டில் விழுகிறது.

மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. அப்பாவின் மணிக்கூடு என் கையில் இருந்தது. அப்பா நான்கு நாட்களுக்கு முன்பே செல் பட்டுப் போய்விட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் சிறுபட்டணத்தின் சந்தியிலிருந்து பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடுகிறோம். அம்மா. தர்சினி அக்கா. நான். இன்னொரு குத்து. இந்த முறை எண்ணவில்லை. அக்கா விழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

தொண்டர்கள் நான்கு பேர் ஓடி வந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து இளம் பிள்ளைகள்தான். காயப்பட்டவர்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குவார்கள். செத்தவர்களைப் புதைப்பார்கள். சம்பளம் இல்லை. சீருடை இல்லை. கழற்றிய கதவு ஒன்றில் அக்காவைக் கிடத்தினார்கள். அவர்களில் ஒரு பெண் சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டு ஒன்றை விரித்தாள்.

"பேர்? வயசு?"

அம்மா என்னைப் பழக்கியிருந்தாள். கொப்பியோடு யார் கேட்டாலும் அக்காவின் பெயரைச் சொல்லக் கூடாது. வயதைச் சொல்லவே கூடாது. கொப்பி வந்தால் பின்னால் சண்டைக்கு ஆள் எடுக்க வருவார்கள். அக்காவுக்குப் பதினேழு. அந்த நாட்களில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு பொய்ப் பெயர் தயாராக இருந்தது.

"மாலினி. பதின்மூண்டு," என்றேன்.

உள்ளே கொண்டுபோனார்கள். எங்களை வாசலில் நிறுத்தினார்கள். ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் செல் விழுந்தது. சனம் கிழக்கே ஓடியது. நாங்களும் ஓடினோம். அதற்குப் பிறகு அக்காவைக் காணவில்லை.

இப்போது அம்மாவும் நானும் பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். படித்து முடித்தவன் நான் மட்டும். அதனால் படிவங்கள் எல்லாம் என் கையெழுத்து. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகங்களுக்கு, விசாரணைக் குழுக்களுக்கு, எல்லாவற்றுக்கும் திருத்தமாக எழுதினேன். தர்சினி. பதினேழு. எங்கிருந்தும் ஒரே பதில். அப்படி ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அம்மா அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டாள். அக்காவின் படத்துக்கு மாலை போட விடவில்லை. திவசம் என்ற சொல்லை எடுக்க விடவில்லை.

போன வருடம். பாரிசில் லா சப்பல், ரூ காய் தெரு. ஒரு சாப்பாட்டுக் கடை. மத்தியானம். என் நண்பன் அங்கே இன்னொருவரின் கார்த்தை, வதிவிட அட்டையை, காட்டி வேலை செய்கிறான். அவனுக்கு இன்னும் விசா இல்லை. முதலாளி கார்த்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவன் பாட்டுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றான்.

"டேய், உன்னைத்தான்ரா. வாடகைப் பேரெண்டாலும் கூப்பிட்டால் திரும்பு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். இத்தனை வருடமும் படிவங்களில் நான் எழுதியது, அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத பெயரை.

அதே தெருவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். அந்தத் தொண்டர்களில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் முருங்கைக்காய் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆருக்கு விசாரிக்கிறீர், தம்பி?"

"எனக்குத்தான் அண்ணை."

"எல்லாரும் தங்களுக்கெண்டுதான் கேக்கிறவை."

மூன்று சனிக்கிழமைகள் போனேன். நான்காவது சனிக்கிழமை கீரைக்கட்டுக்குள் ஒரு துண்டு இருந்தது. தொலைபேசி எண்.

"நான் உம்மைக் காணேல்லை. கீரை வித்தனான், அவ்வளவுதான்."

அந்த எண்ணுக்கு எடுத்து, கதவில் தூக்கிய அக்காவைத் தேடுகிறேன் என்றேன்; எடுத்தவர் வரும் நாளையும் தங்குமிடத்தையும் மட்டும் கேட்டார். அம்மாவிடம் இந்தியாவுக்குப் போவதாகச் சொன்னேன்.

எங்கள் பட்டணத்தில் போய் இறங்கியபோது பகல் இரண்டரை. பள்ளிக்கூடச் சுவருக்குப் புது மஞ்சள் வர்ணம். துப்பாக்கிச் சன்னம் துளைத்த இடங்களில் வர்ணம் உள்வாங்கி நிற்கிறது. தங்குமிடத்துக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டு பேர். அடுத்த நாள் காலையிலும் அதே இரண்டு பேர். ஓட்டோக்காரர் நிறையக் கேட்டார். யாருடைய மகன். எப்ப திரும்புவது. பையில் என்ன, கமெராவா. நான் அவருக்குப் பொய்ப் பெயர் சொன்னேன். யோசிக்கவே இல்லை. அதுவாக வந்தது.

மூன்றாம் நாள் அவர் சொன்னார். "கதவிலை உங்கடை அக்காவின்ரை தலைப்பக்கம் பிடிச்சது நான். இரண்டு நாளாய் உம்மைப் பாத்தனாங்கள். ஏறும்."

என் கைபேசியை வாங்கி வேறொரு வீட்டில் வைத்தார். பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இன்னொரு வீட்டில், அன்றைக்குக் கொப்பி வைத்திருந்த பெண் கதவைப் பாதிதான் திறந்தாள். நெற்றியில் தழும்பு. தலை நரைத்திருந்தது.

"கொப்பி எண்டு ஒண்டும் இஞ்சை இல்லை," என்றாள். பிறகு, "அண்டைக்கு என்ன பேர் சொன்னனீர்?"

இவள் யார்? இவளை இயக்குவது யார்? தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவாகப் போனது. அது போகும் வரை அவள் கதவை மூடிப் பிடித்திருந்தாள்.

"மாலினி. பதின்மூண்டு."

அவள் உள்ளே போனாள். அரிசிமா வாளிக்குள் கையை விட்டாள். பொலித்தீனில் சுற்றிய கொப்பி. எழுத்து நீலம் வெளிறியிருந்தது. மாலினி, 13. வந்தது 6.40. இறப்பு 8.15. கிழக்கு மதில், மூன்றாம் குழி, நாலாவது.

"எட்டேகாலுக்கு வாசல்லை வந்து கூப்பிட்டனான், தம்பி. மாலினியின்ரை ஆக்கள் ஆர், மாலினியின்ரை ஆக்கள் ஆரெண்டு. ஒருத்தரும் வரேல்லை. ஆக்கள் இல்லாத பிள்ளை எண்டு நாங்களே மூடினம்."

எனக்கு நினைவு வந்தது. கூப்பிட்டது கேட்டது. எழும்பினேன். அம்மா என்னை இழுத்து இருத்தினாள். உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். "பேசாதை. ஆள் எடுக்க வந்திட்டினம்." அந்தக் கை ஒன்பது மணி வரை என் வாயில் இருந்தது.

கிழக்கு மதில் இப்போது இல்லை. சைக்கிள் நிறுத்தும் கொட்டகை நிற்கிறது. ஓட்டோ நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தது. "இறங்க வேண்டாம். பாத்துக்கொள்ளும்," என்றார். பார்த்தேன். பதினெட்டு சைக்கிள்கள்.

திரான்சிக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முதல் கேள்வி, "ஆர் சொன்னது? அவையளை நம்பலாமே?" கொப்பியில் இருந்த நேரத்தைச் சொன்னேன். குழியைச் சொன்னேன். மாலை வாங்கி வரச் சொன்னாள். இந்த மாசியில் முதல் திவசம் செய்தோம்.

வாசலில் வந்து கூப்பிட்டதை நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அதை இங்கே எழுத முடிகிறது. வாசிக்கிறவர்கள் அவளுக்குச் சொல்ல வேண்டாம். தொண்டர்களின் பெயர்களை எழுதவில்லை. கேட்கவும் வேண்டாம்.

இழந்தவர்களை எழுதுகிறேன். அப்பா, நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில் நின்ற தொண்டர்கள் பதினொரு பேர், அவர்களில் ஒன்பது பேர் இல்லை. கொப்பியில் எண்பத்தாறு பெயர்கள். அவற்றில் எத்தனை தாய்மார் சொல்லிக்கொடுத்த பெயர்கள் என்று எழுதியவளுக்கே தெரியாது. காணாமல் போனவர் பட்டியலில் தர்சினி, பதினேழு. இறந்தவர் கொப்பியில் மாலினி, பதின்மூன்று. காகிதத்தில் இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டில் ஒருத்தி.