உன் மண்ணுன்னா நட

— திரும்பியே பாக்கக் கூடாதுங்களா, கவுண்டரே?

— கூடாது கன்னியம்மா. நிலத்து மண்ணு தலையில ஏறிச்சுன்னா அதோட நாலு மூலைக்கல்லும் சுத்திகினு இந்தப் புளியமரத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் திரும்பக் கூடாது, நிக்கக் கூடாது. உங்க வூட்டு ஆம்பள ஒருத்தன் பின்னாலயே வரணும். கல்லுக்குக் கல்லு "உன் மண்ணுன்னா நட"ன்னு அவன் கேக்கணும். பொய்யா நடந்தவங்கள இந்த மண்ணு வீடு சேர வுட்டதில்ல. பாத்துக்க.

— பின்னால யாரும் வரலன்னா?

— அப்போ அந்த நடை செல்லாது. நிலம் உன் தம்பிக்குத்தான். ஊர்க்கவுண்டன் நான் சொல்றது இல்ல இது, வழக்கம். டேய் சக்கரவர்த்தி, கெளம்பு. அக்கா பின்னால போ.

— போறேன் போறேன். இந்தப் பனியில மனுசன் மனுசனையே பாக்க முடியல, இதுல நிலத்த சுத்திக் காட்டப் போறாளாம். நட அக்கா, தோ வர்றேன்.

— வா. வாயக் கொறைச்சிகினு வா.

— இன்னாக்கா நீ! அப்பா கண்ண மூடினது போன தையில. மாசி பொறக்கறதுக்குள்ள பங்கு கேட்ட ஒரே பொண்ணு இந்த மலையிலயே நீதான்.

— நீ சாமை அறுத்ததும் வூட்ட வுட்டுப் போன்னு சொல்லலன்னா நான் எதுக்குடா கேக்கப் போறேன்? புருசன் செத்து வந்தவ. அப்பா கூட ஏரு பின்னால நடந்தது நானு. களை எடுத்தது, காட்டுப்பன்னி தொரத்துனது நானு. நீ திருப்பத்தூர் சந்தையில சுத்திகினு இருந்த.

— அதனால? பொம்பளைக்கு நிலம் எங்கனா கீதா?

— ரேடியோவுல சொன்னாங்க. உலகத்து நாடுங்க எல்லாம் கூடி ஒப்பந்தம் எழுதினாங்களாம், சொத்துல பொம்பளையும் ஆம்பளையும் ஒண்ணுன்னு. நம்ம நாடும் கையெழுத்துப் போட்டுடுச்சாம்.

— போட்டுக்கட்டும். உலகம் நம்ம மலைக்கு ஏறி வர்றதுக்கு இன்னும் பஸ்ஸு வுடல.

— நானே எறங்கிப் போயி ஆபீசுல கேட்டேன். பொண்ணுக்குப் பங்கு குடுக்கற சட்டம் கீதாம், ஆனா அது மலை சனங்களுக்குச் செல்லாதாம். உங்க வழக்கம்தான் உங்களுக்குச் சட்டம்னு சொல்ட்டாங்க. சரி, வழக்கத்தையே கேப்போம்னு மண்ணத் தூக்கிட்டேன்.

— தோ மொதக் கல்லு வந்துடுச்சு. கேக்கறேன் கேட்டுக்க. உன் மண்ணுன்னா நட!

— நடக்கறேன்.

— …

— தம்பி, வர்றியாடா? சத்தமே காணோம். சக்கரவர்த்தி!

— வர்றேன். நட.

— இன்னாடா கொரலு இப்படி கம்மிப் போச்சு? பனி ஒத்துக்கலியா?

— ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் சப்பாத்தி முள்ளு கெடக்கும், எடது கால எட்டி வெய்யி.

— ஆமா, கீது. உனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் நீ வந்ததே இல்லியே.

— ரெண்டாங் கல்லு. உன் மண்ணு. நட.

— "உன் மண்ணுன்னா"ன்னு கேக்கணும்டா. "ன்னா"வ வுட்டுட்ட.

— வுட்டா வுட்டது. நட கன்னி.

— அக்கான்னு கூப்புடறதும் மறந்துபோச்சா? இன்னிக்கி இன்னா ஆச்சு உனக்கு, இவ்ளோ பதமா பேசற!

— தலை வலிக்குதாம்மா?

— வலிக்குது. மண்ணு நேரம் போகப் போக கனக்குது. ஆனா எறக்க மாட்டேன். நான் ஒண்ணு கேக்கட்டா? அப்பாவுக்கு எம்மேல இன்னாடா கோவம்? உயிரு போறப்போ எங்கையத்தான் புடிச்சிகினு இருந்தாரு. நிலம் மட்டும் உனக்குன்னாரு.

— கோவம் இல்ல. மனசு இருந்துச்சு, வாயி வரல. பொண்ணுக்குக் குடுத்தவன்னு ஊரு சிரிக்குமேன்னு பயம்.

— ஊருக்குப் பயந்தா பெத்த பொண்ண தெருவுல வுடறது?

— அம்மாக்கண்ணையும் அப்படித்தான் வெறுங்கையோட அனுப்பினேன். இந்த வரப்புலதான் நின்னு அழுதுச்சு.

— யாரு, அத்தையவா? நீயா அனுப்பின? அத்தை இந்த வூட்ட வுட்டுப் போறப்போ நீ பொறக்கவே இல்லியேடா! டேய், வெளையாடாத. உன் காலடிச் சத்தமே கேக்கலடா. சருகு மேல என் காலு மட்டுந்தான் கேக்குது.

— திரும்பாத. மூணாங் கல்லு. உன் மண்ணு. நட.

— நீ யாரு?

— நட கண்ணு. நின்னுட்டா போச்சு. ஒரே ஒரு கல்லுதான் பாக்கி.

— பயமா கீது. கழுத்துகிட்ட சில்லுன்னு கீது.

— பயப்படாத. எங்கையி படாது உம்மேல. தோ, கடைசிக் கல்லு. உன் மண்ணு! நட! ஓடாத, நட!

— கவுண்டரே! கவுண்டரே! எங்க கீறீங்க?

— தோ, மரத்தடியில. வா தாயி, வந்து மண்ண எறக்கு.

— எறக்கட்டும் எறக்கட்டும். ஆனா இந்த நடை செல்லாது கவுண்டரே.

— சக்கரவர்த்தி! நீ எப்படிடா எனக்கு முன்னால வந்து உக்காந்துகினு கீற?

— மொதக் கல்லோடவே நான் திரும்பிட்டேன் அக்கா. குறுக்கால வந்து கவுண்டருகிட்ட வெத்தல வாங்கிப் போட்டுகினு கீறேன். மூணு கல்லுக்கு உம்பின்னால ஆளே இல்ல. நிலம் எனக்குத்தான்.

— நெசமாங்களா கவுண்டரே?

— நெசந்தான் கன்னியம்மா. இவன நீதான் திருப்பி அனுப்பிட்ட போலன்னு நெனச்சேன்.

— அப்போ எம்பின்னால பேசிகினு வந்தது?

— பனியில தனியா நடந்தா அப்படித்தான். நீயே கேட்டு நீயே பதில் சொல்லிகினு வந்திருப்ப. எழுந்திரிங்க கவுண்டரே, போலாம்.

— உக்காருடா. கடைசிக் கல்லு தோ, கூப்புடு தூரம். இப்போதான் "உன் மண்ணு, நட"ன்னு ஒரு ஆம்பள கொரலு கேட்டுச்சு. உன் வாயி வெத்தலையோட எம்பக்கத்துல இருந்துச்சு. உன் காதுல வுழுந்துச்சா, இல்லியா?

— பனியில இன்னா இன்னாமோ கேக்கும் கவுண்டரே.

— அவ எறக்கி வெச்ச மண்ணு மேல கைய வெச்சு சொல்லு.

— வுழுந்துச்சுங்க.

— யாரு கொரலு?

— எங்கப்பா கொரலுங்க.