லேபிளுக்கு அடியில் இருக்கும் ஊர்

உறை பார்த்தே ஊர் உரைக்கும் வித்தகரே! ஒட்டிய லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும் உண்மையை உரித்தெடுத்த உறுதியே! பொய் முகவரிகள் பொடிப்பொடியாகும்படி பொறுமையோடு பார்த்த பெருந்தகையே! இணையச் சந்தையின் விற்பனையாளர் சரிபார்ப்புப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி, இன்று மாலை ஐந்தரை மணியோடு ஓய்வு பெறும் எங்கள் கெட்டில் அக்காவே! வணக்கம்.

இந்த வாழ்த்து மடலை எழுத எங்களிடம் விட்டால் புகழ்ந்தே கொன்றுவிடுவோம் என்று உங்களுக்கு முன்பே தெரியும். "நடந்ததை மட்டும் எழுதுங்கப்பா. இல்லாததைச் சேத்தீங்கன்னா நானே புகார் குடுப்பேன்" என்று எச்சரித்தீர்கள். ஆகவே அடைமொழிகளை முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

நம் வேலை, வெளியே சொன்னால் சின்ன வேலை. 'உள்ளூர்க் கிடங்கிலிருந்து இரண்டே நாளில் வரும்' என்று போட்டுவிட்டு, கடல் கடந்து எங்கிருந்தோ சாவகாசமாக அனுப்பும் கடைகளைக் கண்டுபிடிப்பது. மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய சட்டை, பிறந்தநாள் முடிந்து இருபது நாள் கழித்து வந்தால் அந்த வீட்டில் யாருக்குத் திட்டு விழும்? வாங்கிய அப்பாவுக்குத்தான். அந்த அப்பாக்களின் சார்பாக நீங்கள் பத்தொன்பது ஆண்டுகள் உட்கார்ந்திருந்தீர்கள்.

கடையின் பக்கத்தை நீங்கள் கீழிருந்து மேலாகத்தான் படிப்பீர்கள். மேலே இரண்டு நாள் என்று கொட்டை எழுத்தில் போட்டவர், அடியில் பொடி எழுத்தில் பதினெட்டு முதல் முப்பது நாள் என்று போட்டிருப்பார். ஒரே மேசை விளக்கின் படம், அதே சுவர், அதே நிழலோடு பதினான்கு கடைகளின் பக்கங்களில் நின்றால் உங்கள் புருவம் ஏறும். பிறகு விற்பனையாளருக்கு ஒரு செய்தி போகும்: "உங்க பக்கம் மழை எப்படி?" இங்கே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருக்கும். "நல்ல வெயில் மேடம்" என்று பதில் வரும். ஆள் மாட்டிக்கொண்டார்.

கடைசி ஆயுதம், டீக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில். சோதனைக்காக வரவழைத்த பார்சலை அதன் ஆவியில் காட்டி, மேல் லேபிளை நகத்தால் நெம்புவீர்கள். அடியில் வேறொரு நாட்டின் லேபிள் பல்லிளிக்கும். பதினொரு மணி டீ எப்போதும் பதினொன்றரைக்கே வந்ததற்கு இதுதான் காரணம் என்பதை மேலாளர் முன்னிலையில் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

நீங்கள் சரியாகப் பிடித்த கடைகளுக்குக் கணக்கில்லை. தவறாகப் பிடித்தது ஒன்று. நாங்கள் மறக்காதது அதைத்தான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன், பள்ளிக்கூடப் பை விற்கும் கடை ஒன்று. 'இங்கேயே தைத்து இங்கிருந்தே அனுப்புகிறோம்' என்று போட்டிருந்தது. புகார் வந்தது, பார்சலை வரவழைத்தீர்கள், ஆவி காட்டினீர்கள், அடியில் வெளிநாட்டு லேபிள். அன்று மாலையே கடையை மூடினீர்கள். பள்ளி திறக்க மூன்று வாரமே இருந்தது. ஆண்டு முழுக்கச் சாப்பிட வேண்டியதை அந்த மூன்று வாரத்தில் சம்பாதிப்பவர் அந்தக் கடையை நடத்திய தையல்காரப் பெண். ஒன்பது மெயில் அனுப்பினார். நாமும் ஒன்பது முறை அதே அச்சடித்த பதிலை அனுப்பினோம். பத்தாவதில் ஒரே வரி: "நம்ப வேண்டாம், வந்து பாருங்க." கீழே முகவரி. நம் அலுவலகத்திலிருந்து நான்கு தெரு.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமலேயே போனீர்கள். அந்த வீட்டில் ஒரு தையல் மிஷின், கூரை வரை அடுக்கிய பைகள், மூலையில் ஒரு கட்டுப் பழைய உறைகள். பக்கத்து மொபைல் கடைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறைகளை வாங்கி, மேலே தன் லேபிளை ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார் அவர். "நல்லா இருக்கிற கவரை எதுக்குக்கா தூக்கிப் போடணும்?" என்று உங்களையே கேட்டிருக்கிறார்.

திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்று, "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றீர்கள். "திறந்து விட்டுடுங்க, அதோட போகட்டும். எழுத்துல எதுக்கு?" என்றார் அப்போதைய மேலாளர். நீங்கள் உட்காருவதற்கு முன்பே கடையைத் திறந்துவிட்டு, தவறு என்னுடையது என்று உங்கள் பெயரிலேயே அறிக்கை எழுதினீர்கள். அந்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. உங்கள் மேசைக்கு மேல் மட்டும் ஒரு தாள் ஏறியது: 'மூடும் முன் ஒரு போன்.' அதுவே பிறகு இந்தப் பிரிவின் விதியானது.

இனி எங்கள் தவறு. உங்களுக்குப் பரிசாக ஒரு தோல் பை வாங்க, உள்ளூர்க் கிடங்கு, இரண்டே நாள் என்று போட்டிருந்த கடையில் ஆர்டர் செய்தோம். ஆம், நாங்கள்தான். பக்கத்தைக் கீழிருந்து படிக்க மறந்த இருபத்திரண்டு பேர். பார்சல் இன்னும் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது. ஆத்திரத்தில் கடையை மூடப் போனபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. நாளையும் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் மூடுவோம்.

வெறுங்கையோடு நிற்க மனம் வராமல் முந்தாநாள் நான்கு தெரு நடந்தோம். "அக்காவுக்கா? இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கடிந்துகொண்ட அந்தத் தையல்காரர், இன்று காலை பையோடு வந்துவிட்டார். உறை பழையது. லேபிள் மேல் லேபிள். "உரிக்காம விட மாட்டாங்க, பாருங்க" என்று சிரித்தார்.

தொழில் புத்தி எங்களையும் விடவில்லை. கெட்டிலைப் போட்டு உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறோம். மூலை சுருங்கியிருப்பதை இந்நேரம் கவனித்திருப்பீர்கள். மேலே இருக்கும் அதே முகவரிதான் அடியிலும் இருக்கிறது. அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: "இப்ப நம்பலாம். இருந்தாலும் வந்து பாருங்க."

போய்ப் பாருங்கள் அக்கா. நோய் நொடி இல்லாமல், நூறாண்டும் நிறைவாக வாழுங்கள். உங்களுக்கு வரும் பார்சல்கள் எல்லாம் சொன்ன ஊரிலிருந்து சொன்ன நாளில் வந்து சேரட்டும். நாளை முதல் பதினொரு மணி டீ பதினொரு மணிக்கே வந்துவிடும். அதை எப்படிக் குடிப்பது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
விற்பனையாளர் சரிபார்ப்புப் பிரிவின் இருபத்திரண்டு பேர்